ஜன்னல் வழியே குதித்த பையன்!

யாராவது முதல் வருட எம்.பி.பி.எஸ். மாணவர் உங்களுக்குப் பழக்கமா? 'அனாடமி ஹாலுக்குப் போன முதல் நாள் எப்படி இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாசனையில்தான் ஆரம்பிப்பார்கள். ஃபார்மலின்! கண்ணைக் கரிக்கும், மூக்கில் ஏறும். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

நான் படித்தது பி.காம். எங்கள் மேஜையில் கிடந்ததெல்லாம் பேலன்ஸ் ஷீட்தான். அதனால் டாக்டர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன்.

"முகத்தைத் துணியால மூடி வெச்சிருந்தாங்க. அதனால சமாளிச்சுட்டேன். அந்தக் கையைப் பார்த்தப்பதான்யா ஆடிப் போயிட்டேன். ஒரு வயசான அம்மா. நகத்துல மருதாணி இன்னும் போகலை! மூணு வாரம் ஆட்டுக்கறி தொடலை..."

"நாலாவது வாரம்?"

"அதே ஹால் வாசல்ல நின்னு சமோசா சாப்பிட்டேன். கையைக்கூடச் சரியாக் கழுவலை!"

நண்பர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்தில் அந்த மருதாணி எங்கே போனது?

இது இன்று நேற்று நடக்கிற கதை இல்லை. 1821-ஆம் வருடத்துக்குப் போவோம். பிரான்ஸில் ஒரு சிற்றூர் டாக்டர், தன் மகனும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பையனுக்கோ இசைதான் உயிர். 'எலும்புகளைப் பற்றி ஒழுங்காகப் படி, அருமையான புல்லாங்குழல் வாங்கித் தருகிறேன்' என்று அப்பா ஆசை காட்ட வேண்டியிருந்தது! அந்தப் பதினேழு வயதுப் பையன் பாரீஸுக்கு வந்து மருத்துவம் படிக்கச் சேர்ந்தான். கூடவே உறவுக்காரப் பையன் ஒருவனும் சேர்ந்தான். ஒருநாள் அவன், 'நமக்கு ஒரு பிணம் வாங்கிவிட்டேன், வா!' என்று உற்சாகமாக அழைத்துப் போனான்.

உள்ளே நுழைந்தால்... சிதறிக் கிடக்கும் கை, கால்கள். பிளந்த மண்டைகள். காலுக்கடியில் ரத்தச் சேறு. நுரையீரல் துணுக்குகளுக்காகச் சண்டை போடும் சிட்டுக்குருவிகள். மூலையில் முதுகெலும்பைக் கொறிக்கும் எலிகள். ஃபார்மலின், குளிர்பதனப் பெட்டி எதுவும் இல்லாத காலம்!

பையன் யோசிக்கவே இல்லை. ஜன்னல் வழியே வெளியே குதித்தான். எமனே துரத்துகிற மாதிரி ஓடினான், அறைக்குப் போய்த்தான் நின்றான். ஒருநாள் முழுக்க அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

உறவுக்காரன் விடுவானா? கெஞ்சிக் கூத்தாடி மறுபடியும் அழைத்துப் போனான். இந்தத் தடவை நடந்ததுதான் ஆச்சரியம். பையனுக்கு ஒன்றுமே ஆகவில்லை! அதே அறை, அதே நாற்றம். லேசான அருவருப்பு மட்டும்தான். குருவிகளுக்கு நுரையீரல் துண்டுகளைத் தானே எடுத்துப் போட்டான். ஒரு பெரிய எலிக்குத் தோள்பட்டை எலும்பைத் தூக்கி வீசினான்!

அந்தப் பையன் கடைசிவரை டாக்டர் ஆகவில்லை. இசைக்கே போய்விட்டான். ஹெக்டர் பெர்லியோஸ் என்ற பெயரில் உலகம் கொண்டாடும் இசைமேதை அவர்தான். இத்தனையையும் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

நம் டாக்டர் நண்பருக்கு மூன்று வாரம் பிடித்தது, பெர்லியோஸுக்கு இரண்டே விசிட்!

மனசு மரத்துப் போவது தப்பா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கை நடுங்குகிற சர்ஜனிடம் நீங்கள் வயிற்றைக் காட்டுவீர்களா? எடின்பரோவில் இரண்டு வருடம் மருத்துவம் படித்துவிட்டு 1827-ல் பாதியில் விட்ட சார்லஸ் டார்வின், பிற்காலத்தில் இதற்காக வருத்தப்பட்டார். 'என்னை வற்புறுத்தி உடலை அறுக்க வைத்திருந்தால் அருவருப்பு சீக்கிரமே போயிருக்கும்' என்பது அவர் ஆதங்கம். ஆக, கொஞ்சம் மரத்துத்தான் ஆகவேண்டும்.

எவ்வளவு மரக்கலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு பதில் தெரிய, டார்வின் கிளம்பிப் போன அதே எடின்பரோவுக்கு வாருங்கள்.

அங்கே டாக்டர் ராபர்ட் நாக்ஸ் நடத்திய அனாடமி வகுப்புக்கு ஏக கிராக்கி. 500-க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆனால், அறுப்பதற்கு உடல்கள்? பாரீஸில் ஆஸ்பத்திரிகளில் செத்த ஏழைகளின் உடல்கள் தாராளமாகக் கிடைத்தன. பிரிட்டனில் சட்டப்படி கிடைத்தது தூக்கில் தொங்கிய கொலைகாரர்களின் உடல்தான். எப்படிப் போதும்? அதனால் கல்லறையைத் தோண்டித் திருடி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது.

1827 நவம்பரில், வில்லியம் ஹேர் என்பவனின் வீட்டில் வாடகைக்கு இருந்த கிழவர் ஒருவர் நோயில் செத்துப் போனார். வாடகை பாக்கி 4 பவுண்ட். ஹேரும் கூட்டாளி வில்லியம் பர்க்கும் உடலை நாக்ஸின் இடத்துக்குத் தூக்கிப் போனார்கள். கிடைத்தது 7 பவுண்ட் 10 ஷில்லிங். காமர்ஸ்காரன் கணக்குச் சொல்கிறேன்... பாக்கி வசூலானது போக, 3 பவுண்ட் 10 ஷில்லிங் லாபம்! அடுத்த ஆள் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று இருவரும் யோசித்தார்கள். 1828-ல் மட்டும் 16 கொலைகள்!

1828 ஏப்ரலில் மேரி பேட்டர்சன் என்ற இளம்பெண்ணின் உடல் வந்தது. ஒரு மாணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும்! 'எங்கே கிடைத்தது?' என்று கேட்டார்கள். 'ஒரு கிழவியிடம் வாங்கினோம்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது! அழகான உடல் என்று அதை விஸ்கியில் ஊறப்போட்டு மூன்று மாதம் பாதுகாத்தார்கள். ஓவியரை வைத்துப் படம்கூட வரைந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அங்கே ஒரே ஒருவர், பெர்லியோஸ் முதல் நாள் ஓடிய மாதிரி, நேராகப் போலீஸுக்கு ஓடியிருந்தால்? அதற்குப் பிறகு செத்தவர்களெல்லாம் பிழைத்திருப்பார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஜேம்ஸ் வில்சன் என்ற மனவளர்ச்சி குன்றிய இளைஞனும் அவர்களில் ஒருவன். அவன் உடல் வந்தபோதும் மாணவர்கள் அடையாளம் கண்டார்கள். நாக்ஸ், 'அவன் இல்லை' என்று ஒரே போடாகப் போட்டார்!

கடைசியில் காட்டிக்கொடுத்தது பர்க்கின் வீட்டில் தங்கியிருந்த ஓர் ஏழைத் தம்பதி. ஹேர் அப்ரூவராகித் தப்பித்தான். பர்க் 1829 ஜனவரி 28-ல் தூக்கிலிடப்பட்டு, பிப்ரவரி 1-ல் அவன் உடல் மாணவர்கள் முன்னால் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக மியூசியத்தில் நிற்கிறது. நாக்ஸ்மீது வழக்கே இல்லை.

1832-ல் சட்டம் வந்தது. யாரும் கேட்டு வராத ஏழை விடுதி உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தரலாம் என்றார்கள். கொலை நின்றது. ஆனால், மேஜையில் கிடந்தது மறுபடியும் ஏழைதான். அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

தைவானில் ஹுவாலியன் நகரிலுள்ள ட்ஸூ சி பல்கலைக்கழகத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தாமே விரும்பி உடலைத் தந்தவருக்கு அங்கே 'பேசாத ஆசிரியர்' என்று பெயர். மாணவர்கள் முதலில் அவருடைய வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு பேசுகிறார்கள். எப்படி வாழ்ந்தார், என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கத்தியை எடுக்கிறார்கள். பாடம் முடிந்ததும் உடலைத் தைத்து, உடை அணிவித்து, இறுதிச் சடங்கிலும் கூட நிற்கிறார்கள். நம் நாட்டிலும் 2010-ல் ஜோதிபாசு, 2024-ல் சீதாராம் யெச்சூரி ஆகியோரின் உடல்கள் மருத்துவ மாணவர்களுக்குப் போயின. பல கல்லூரிகளில் முதல் நாள் அந்த உடலுக்கு முன்னால் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். சமோசா ஜோக் அடித்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த அம்மா பேர்கூட எங்களுக்குத் தெரியாதுய்யா" என்றார். "அந்த மருதாணியை யார் வெச்சு விட்டிருப்பாங்க..?"