சக்கரவர்த்தியின் புத்தாடையும் ஏழு பேராசிரியர்களும்

எந்த மாநிலத்தில், எந்த மொழியிற் பயின்றாலும் நம் குழந்தைகள் ஒரு கதையைக் கேட்டிருப்பார்கள். எத்தர் இருவர் நெசவாளர் வேடம் பூண்டு ஒரு சக்கரவர்த்தியிடம் வருகின்றனர். தாம் நெய்யும் துணி, வகிக்கும் பதவிக்குத் தகுதியற்றவர் கண்ணுக்கும் மூடர் கண்ணுக்கும் புலப்படாது என்கின்றனர். வெறுந்தறியைப் பார்க்கச் சென்ற முதிய அமைச்சர், ஒன்றையும் காணாமலே வியந்து பாராட்டித் திரும்புகிறார். பின்னர்ச் சென்ற அதிகாரியும் அவ்வாறே. சக்கரவர்த்தி ஆடையின்றி ஊர்வலம் போகிறார். ஒரு குழந்தை மட்டும் உண்மையைக் கூவிவிடுகிறது.

இக்கதை 1837 ஏப்ரலில் கோபன்ஹேகன் நகரில் அச்சாயிற்று. ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன், சக்கிலியத் தொழில் செய்த ஓர் ஏழையின் மகன். கதைக்கரு அவருடையதன்று. ஸ்பெயின் நாட்டு டான் ஹுவான் மானுவேல் என்பார் 1335-இல் முடித்த நூலில் அது காணப்படுகிறது. அதனினும் பழைய வடிவம் நம் நாட்டிலேயே உண்டு. ஜைன ஆசிரியர் ஜினேசுவரர் 1052-இல் பிராகிருதத்தில் இயற்றிய நிர்வாண லீலாவதி இன்று கிடைப்பதில்லை. 1283-இல் ஜினரத்தினர் வடமொழியிற் செய்த அதன் சுருக்கம் எஞ்சியுள்ளது. அதிலே அஸ்தினாபுரத்து வணிகன் ஒருவன் சிராவஸ்தி அரசனை இவ்வாறே ஏமாற்றுகிறான். நகரமாந்தர், "மன்னர் ஆடை துறந்த முனிவராகிவிட்டாரோ?" என்று வினவிய பின்னரே அரசன் தெளிவு பெறுகிறான். அதற்குள் வணிகன் ஓடி மறைந்துவிடுகிறான்.

இம்மூன்று வடிவங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலனாகும். சிராவஸ்தியிலும் ஸ்பெயினிலும் துணி யார் கண்ணுக்குத் தெரியாது? முறையற்ற பிறப்புடையோர் கண்ணுக்கு. அங்கே மக்களின் வாயை அடைத்தது குலத்தைப் பற்றிய அச்சம். சொத்துரிமை போய்விடும் என்ற அச்சம். ஆண்டர்சன் அதனை உத்தியோக அச்சமாக மாற்றிவிட்டார். பிறப்பினால் உயர்வு பெற்ற காலம் மாறி, நியமன உத்தரவினால் உயர்வு பெறும் காலம் வந்துவிட்டது. அந்த அமைச்சர் தீயவரல்லர்; நேர்மையானவர் என்றே கதை சொல்கிறது. 'நான் இப்பதவிக்குத் தகுதியற்றவனோ?' என்ற ஐயம் ஒரு கணம் எழுகிறது, அவ்வளவுதான். சர்க்கார்க் கோப்புகளை மொழிபெயர்த்தே காலங்கழித்த எனக்கு, பொருள் விளங்காத குறிப்பின் அடியில் 'கண்டேன், இசைகிறேன்' என்று எழுதும் கையை நன்றாகத் தெரியும். அது சில வேளை என் கையாகவும் இருந்ததுண்டு.

உண்மையைச் சொன்னவர் யார் என்பதும் கருதத்தக்கது. ஸ்பானியக் கதையில் அரசனின் குதிரைக்காரன் சொல்கிறான். இழப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. ஆண்டர்சனின் கையெழுத்துப் படியில் குழந்தையே இல்லை. அச்சுப்படி திருத்தும் வேளையில்தான் அதனைச் சேர்த்தார். குழந்தைக்கும் பறிபோகும் பதவி ஏதுமில்லை. இழப்பதற்கு உத்தியோகமும் குடும்பமும் உடையவர் வாய் திறந்தால் என்ன நிகழும்? கதை அதனைச் சொல்லவில்லை. அதே 1837-இல் ஜெர்மன் நிலத்தில் ஹானோவர் என்னும் சிற்றரசு அதனைக் காட்டியது.

அவ்வாண்டு ஜூனில் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் ஹானோவர் அரியணை ஏறினார். 1833-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அரச நிலங்களின் வருவாயை நாட்டுக் கருவூலத்தோடு இணைத்திருந்தது. நவம்பர் முதல் தேதி அச்சட்டம் செல்லாதென்று அவர் அறிவித்தார். சட்டத்தைக் காப்பதாகப் பிரமாணம் செய்திருந்த அரசு ஊழியர் அப்பிரமாணத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஒருவர் செய்த சத்தியத்தை மற்றொருவர் உத்தரவிட்டு அவிழ்த்துவிட்டார்!

கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எழுவர், தம் பிரமாணம் இன்னும் தம்மைக் கட்டுப்படுத்துகிறதென்று நவம்பர் 18-ஆம் தேதியிட்ட ஒரு விண்ணப்பத்தில் எழுதினர். வரலாற்றறிஞர் டால்மன், கெர்வினுஸ், சட்ட அறிஞர் ஆல்பிரெக்ட், கீழ்நாட்டு மொழிகளில் வல்ல எவால்ட், பௌதிக அறிஞர் வில்ஹெல்ம் வேபர் ஆகியோருடன் கையொப்பமிட்ட மற்ற இருவர் யாக்கோப் கிரிம்மும் வில்ஹெல்ம் கிரிம்மும் ஆவர். 1812 முதல் நாடோடிக் கதைகளைத் தொகுத்து உலகுக்கு அளித்த அதே சகோதரர்கள்தாம். மற்றப் பேராசிரியரிற் பெரும்பாலோர் கையொப்பமிடவில்லை. அவர்களைக் கோழைகள் என்று எளிதிற் கூற என் மனம் இசையவில்லை.

மாணவர்கள் அவ்விண்ணப்பத்தைப் படியெடுத்துப் பரப்பினர். டிசம்பரில் எழுவரும் பதவி நீக்கப்பட்டனர். அதனைப் பரவச் செய்தவர்கள் என்று டால்மன், கெர்வினுஸ், யாக்கோப் கிரிம் மூவரும் மூன்று நாட்களில் நாட்டை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். யாக்கோபுக்கு அப்போது வயது 52. வில்ஹெல்முக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தனர். பிற ஜெர்மன் நகரங்களிலிருந்து மக்கள் பணம் திரட்டி எழுவரையும் ஆதரித்தனர். தம் பதவி நீக்கம் பற்றி யாக்கோப் எழுதிய சிறு நூல், தணிக்கையின் காரணமாக, 1838-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சிடப்பட்டது. அதே 1838-இல் ஆண்டர்சனுக்கு டென்மார்க் மன்னர் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தார். அதனை அவர் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டார்.

ஆண்டர்சன் கதையில் குழந்தை கூவிய பின்னரும் ஊர்வலம் நிற்பதில்லை; பணியாளர்கள் இல்லாத ஆடையின் தொங்கலைத் தாங்கியபடியே நடக்கின்றனர். எர்ன்ஸ்ட் ஆகஸ்டும் 1851-இல் இறக்கும்வரை அரசராகவே இருந்தார். ஆயினும் 1848-இல் ஜெர்மன் நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின்போது ஃபிராங்க்ஃபர்ட் தேசியப் பேரவையில் யாக்கோப் கிரிம், டால்மன், கெர்வினுஸ், ஆல்பிரெக்ட் ஆகிய நால்வரும் உறுப்பினராக அமர்ந்தனர். எவால்டும் வேபரும், அதே அரசரின் ஆட்சியில், 1849-க்குள் கெட்டிங்கன் திரும்பி மீண்டும் பாடஞ் சொல்லத் தொடங்கினர்.