டார்வின் வீட்டுத் தராசு

1841 ஏப்ரல் வாக்கில் சார்லஸ் டார்வின் தன் கைக்குழந்தை ஆனியை எடை பார்த்துக்கொண்டிருந்தார். 15½ மாதமான அண்ணன் வில்லியமுக்கு அது பொறுக்கவில்லை. அப்பா ஒரு பெரிய பொம்மையைக் கொஞ்சினபோதும் இதே கதைதான். பொறாமை என்று டார்வின் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு என்ன மருந்து என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தக் குறிப்புகளை 36 வருஷம் கழித்து, 1877இல், ‘மைண்ட்’ இதழில் கட்டுரையாக்கினார். படித்தபோது எனக்கு சர்வர் லாக்தான் ஞாபகம் வந்தது: வயது, சம்பவம், அடுத்த வரி. 2 வயது 3 மாதத்தில் பையன் கோபம் வந்தால் புத்தகம், குச்சி என்று எதையாவது எடுத்து எறிவதில் கில்லாடி. அதே 2 வயது 3 மாதத்தில், தன்னிடமிருந்த கடைசித் துண்டு ஜிஞ்சர்பிரெட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறான். இதில் எது நிஜ வில்லியம்? டார்வின் அந்தக் கேள்விக்கே போகவில்லை. இன்னொரு நாள் ஊறுகாய்ச் சாறு பட்ட மேலுடுப்பைச் சுருட்டி மறைத்துக்கொண்டு வந்து, ஒண்ணுமில்லைன்னு சாதிக்கிறான். அவனுடைய நல்ல உணர்வுகளைத் தொட்டே வளர்த்தோம், சீக்கிரமே உண்மை பேசுகிறவனாகிவிட்டான் என்கிறார் அப்பா.

இந்தச் சாதாரண விஷயம் எப்போது ‘பிரச்சினை’ ஆனது? அமெரிக்காவில், 1920களில். வரலாற்றாசிரியர் பீட்டர் ஸ்டெர்ன்ஸ் இதைத் தோண்டியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் குழந்தை வளர்ப்பு நூல்கள் உடன்பிறந்தவர்களின் பொறாமையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் அரசின் குழந்தைகள் பணியகம் வெளியிட்ட டக்ளஸ் தாமின் கையேட்டிலோ பொறாமை கவலைக்குரிய விஷயமாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படும் காரணம் குடும்பத்தின் அளவு. 1800இல் அங்கே வெள்ளையினப் பெண்ணுக்குச் சராசரியாக 7 குழந்தைகள். 1900இல் ஏறக்குறைய பாதி. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவளே அடுத்ததை இடுப்பில் சுமப்பாள், அம்மா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்தான். ரெண்டே பிள்ளைகள் என்றால் பங்கு கேட்பதற்கு அம்மா ஒருத்தி மட்டுமே.

1930களில் நியூயார்க் மனநல மருத்துவர் டேவிட் லெவி, குழந்தைகளிடம் அம்மா பொம்மையையும் பாப்பா பொம்மையையும் கொடுத்தார். அம்மாவிடம் பாப்பா பால் குடிப்பதை முதல்முதலாகப் பார்க்கும் அண்ணனோ அக்காவோ என்ன செய்வார்கள் என்று கேட்டார். சிலர் பாப்பாவைப் பிய்த்துப் போட்டார்கள், சிலர் நசுக்கினார்கள். 1937இல் வந்த அவருடைய ஆய்வின் தலைப்பிலேயே ‘சிப்ளிங் ரைவல்ரி’ இருந்தது. சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிய்த்த பிறகு பொம்மையைச் சரிசெய்யப் பார்த்த குழந்தைகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பாதி அவ்வளவாகப் பரவவில்லை.

டார்வினுக்கு 10 குழந்தைகள். 3 பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள், அதில் ஆனியும் ஒருத்தி. 1851இல், அவளுடைய 10 வயதில். கட்டுரை அச்சில் வந்தபோது 26 வருஷம் ஆகியிருந்தது. தராசில் கிடந்த குழந்தைக்கு அதில் பெயர் கிடையாது. தங்கை என்று மட்டும் இருக்கிறது.