மீண்டும் வரும் மலேரியா: 14 நாள் மாத்திரை ஏன்?

கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகளிலிருந்து மலேரியா பரவலுள்ள வெளியூர்களுக்கு வேலைக்காகச் சென்று திரும்புவோர் அறிய வேண்டிய செய்தி இது. வைவாக்ஸ் வகை மலேரியாவில் காய்ச்சல் நின்றதால் மட்டும் நோய் நீங்கிவிட்டதாகப் பொருளாகாது.

நோய் திரும்பக் காரணம்

மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை, இந்திய மருத்துவப் பணியில் இராணுவ மருத்துவராக இருந்த ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அனாபிலிஸ் கொசு கடித்தபின் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலை அடைந்து, பின்னர் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. வைவாக்ஸ் ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்குநிலையில் தங்கி, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். இதற்குப் புதிதாகக் கொசு கடிக்க வேண்டியதில்லை.

படைவீரர்களிடம் கிடைத்த பாடம்

கொரியப் போரிலிருந்து (1950-1953) தாயகம் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு ஊர் சேர்ந்தபின் இக்காய்ச்சல் தோன்றியது. குளோரோகுயின் இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணிகளை மட்டுமே அழித்தது. எனவே, கல்லீரலில் உறங்குபவற்றை அழிக்கும் பிரைமாகுயின், திரும்பும் கப்பலிலேயே நாள்தோறும் 15 மி.கி. வீதம் 14 நாட்கள் வழங்கப்பட்டது. அமெரிக்க இராணுவ ஆதரவுடன் சிறைக்கைதிகளிடம் இம்மருந்து ஆராயப்பட்ட முறை, பின்னாளில் அறநெறி அடிப்படையில் விமர்சிக்கப்பட்டது. மருந்து உட்கொண்ட சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைவதற்கு ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடே காரணம் என்பது 1956-இல் தெரியவந்தது.

செய்ய வேண்டியவை

• காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. சென்று வந்த ஊரையும் தெரிவிக்கவும்.
• வைவாக்ஸ் உறுதியானால் குளோரோகுயின் 3 நாட்களும், பிரைமாகுயின் 14 நாட்களும் வழங்கப்படும். உடல் எடைக்கேற்ற அளவை மருத்துவர் முடிவு செய்வார்.
• பிரைமாகுயினை உணவுக்குப்பின் உட்கொள்க. இடையில் வேலைக்குத் திரும்ப நேர்ந்தால், மீதி மாத்திரைகளையும் சிகிச்சைச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்க.
• கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் வழங்கப்படுவதில்லை. ஜி6பிடி குறைபாடுள்ளோருக்கு இந்த 14 நாள் முறை பொருந்தாது. பாலூட்டும் தாய்மார்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும்.
• சிறுநீர் கருஞ்சிவப்பாதல், கண் மஞ்சளாதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் பிரைமாகுயினை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குச் செல்க.

மூன்றாம் நாளில் காய்ச்சல் தணிந்தாலும் பதினான்காம் நாள் மாத்திரை வரை உட்கொள்வதே முழுமையான சிகிச்சையாகும்.