அட்டைப்பெட்டியில் வந்த கடலை மிட்டாய்

ஷார்ஜா ரோலாவில் நான் முதலில் தங்கிய அறையில் ஆறு பேர், மூன்று இரண்டடுக்குக் கட்டில்கள். ஊருக்குப் போனவர் திரும்பிவரும் இரவில் பெட்டி பிரிப்பது ஒரு சடங்குபோல நடக்கும். நைலான் கயிறு போட்டுக் கட்டி, நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி. பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கைலிக்குள் சுற்றிய நல்லெண்ணெய், இவற்றுக்கு அடியில் பாலித்தீன் பையில் கடலை மிட்டாய். கசகசா மட்டும் இருக்காது. அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்கென்று கொண்டுவந்த ஒரு பொட்டலம் சிறைவரை இழுத்துவிடும் என்பது முதல் பயணத்துக்கு முன்பே எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் பாடம்.

அந்தப் பெட்டிகள் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வந்ததில்லை. ஆனால் தமிழ்நாட்டின் சிற்றூர்த் தின்பண்டக்காரர்கள் வளைகுடாவுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கிய வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். இது எவ்வளவு புதிய விஷயம் என்று புரிய, கடலையின் பழைய கதைக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

நிலக்கடலை நம் மண்ணுக்குரியதல்ல. தென்னமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியர் கப்பல்களில் உலகம் சுற்றி வந்தது. தென்னார்க்காட்டில் அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டைதான் வாயில் தேய்ந்து அப்படி ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டுக் கடலை பாண்டிச்சேரி வழியாகப் பிரான்சின் மர்சேய் துறைமுகத்துக்கு மூட்டை மூட்டையாகப் போனது. அங்கே ஆலைகளில் பிழியப்பட்டு, அந்த எண்ணெயில் சோப்பு செய்தார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி விதைத்த விவசாயிக்கு, தன் கடலையின் விலை கடலுக்கு அப்பால் எப்படி முடிவாகிறது என்று தெரிய வழியில்லை. கடலை கச்சாப் பொருளாகப் போயிற்று. ஆலை, தொழிலாளி, முத்திரை, லாபம் எல்லாம் அங்கே. கடலையில் செய்த பண்டத்தை ஏற்றுமதி செய்யலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. மர்சேயில் அதை யார் தின்பார்கள்?

அந்தக் கேள்விக்கு நூறு வருடம் கழித்துப் பதில் கிடைத்தது, வேறொரு கடற்கரையில். அதற்குள் பண்டம் கோவில்பட்டியில் உருவாகியிருந்தது.

கோவில்பட்டி கரிசல் ஊர். இலக்கிய வாசகர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் பக்கத்திலேயே இருக்கிறது. மானாவாரி நிலம், தீப்பெட்டித் தொழில், தண்ணீர்த் தட்டுப்பாடு. 1940களில் பொன்னம்பல நாடார் என்ற மளிகைக் கடைக்காரர் இங்கே கடலை மிட்டாயைத் தொடங்கிவைத்தார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. முதலில் கருப்பட்டிப் பாகு, பிறகு வெல்லப்பாகு. சுற்றுவட்டாரக் கரிசல் கடலை, வறுத்துத் தோல் நீக்கிப் பாதியாக உடைத்தது. மேலே ரோஜா, பச்சை, மஞ்சள் நிறங்களில் தேங்காய்ப்பூ. தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். அந்தத் தாமிரபரணி இந்த ஊரைத் தொட்டு ஓடுவதில்லை, குடிநீர்க் குழாயில்தான் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நியாயமாக இருக்கும்.

வேலையின் நுட்பம் பாகில் இருக்கிறது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்து உடைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். கொஞ்சம் இளகலாக இறக்கினால் மறுநாள் பிசுபிசுக்கும். கொஞ்சம் தாண்டினால் கசக்கும். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வெட்ட வேண்டும். குடும்பமாகச் செய்கிறார்கள், கூலிக்கு ஆள் வைத்தும் செய்கிறார்கள். மதுரை–திருநெல்வேலி சாலையில் போகிற பஸ் பயணிகளே நெடுங்காலம் பெரிய சந்தை.

வளைகுடாப் பக்கம் வருவோம். இந்தக் கரைக்கும் இந்தியாவுக்கும் உணவு வியாபாரம் புதிதல்ல. எண்ணெய்ப் பணம் வருவதற்கு முன்பே அரிசி, தேயிலை, மசாலா எல்லாம் பம்பாய் வழியாகத்தான் துபாய் க்ரீக்கில் இறங்கின. 1966 வரை துபாய்க் கடைவீதியில் புழங்கிய பணமே ரூபாய்தான். தங்கக் கடத்தலைக் கட்டுப்படுத்த 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் இந்த நாடுகள் அதைக் கைவிட்டன. அமீரகம் 1971இல் உருவாகி, 1973இல் திர்ஹாம் வந்தது. நம் ஆட்கள் ரூபாய் ஓடிய நாட்டுக்கு அல்லாமல், திர்ஹாம் ஓடிய நாட்டுக்குக் கூட்டமாக வந்தார்கள் என்பது வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவருக்குச் சாதாரண வித்தியாசமல்ல.

அதே 1973இல் கீழக்கரைக்காரரான பி. எஸ். அப்துர் ரகுமானின் முயற்சியில் துபாயில் ஈ.டி.ஏ. தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து இளைஞர்கள் கட்டடம் கட்டவும் லிஃப்ட் பொருத்தவும் ஏ.சி. ரிப்பேர் பார்க்கவும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினார்கள். கடலை மிட்டாயைத் தின்னத் தெரிந்தவர்கள், முதன்முறையாக, அன்னியச் செலாவணியில் சம்பளம் வாங்கினார்கள்.

இதற்கும் லண்டன், டொரன்டோ சந்தைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே குடியேறியவர்களுக்கு வயதாகிறது. பிள்ளைகளின் நாக்கு மாறுகிறது. தாத்தா தின்ற பண்டம் பேரனுக்கு வேடிக்கைப் பொருளாகிறது. வளைகுடா பெரும்பாலும் யாரையும் குடிமகனாக்குவதில்லை. வேலை முடிந்தால் விசா முடியும். இங்கே பிறந்து வளர்ந்த என் மகள் உட்பட எல்லோரும் ஒருநாள் வேறெங்காவது போக வேண்டியவர்கள்தான். அந்தக் கொடுமைக்குள் கோவில்பட்டிக்காரருக்கு ஒரு ஆதாயம் ஒளிந்திருக்கிறது. போகிறவருக்குப் பதிலாக ஊரிலிருந்து இன்னொருவர் வருகிறார். நேற்று வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் மிட்டாய் வாங்கியவர் அவர். ஆகவே இந்தச் சந்தைக்கு வயது ஏறுவதே இல்லை. ஏமாற்றவும் முடியாது, சிக்கு வாடை அடிக்கிற கடலையை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் குறைந்த சம்பளக்காரர்கள். சில திர்ஹாமுக்கு மேல் ஒரு பாக்கெட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

பெட்டியிலிருந்து கடைக்கு வந்த பாதையை மலையாளிகள் போட்டுத் தந்தார்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனினும் நான் பார்த்தது அதுதான். முனைக்கு முனை இருக்கிற பக்காலாக்களில் பெரும்பாலானவற்றை மலையாளிகள் நடத்தினார்கள். நேந்திரங்காய் சிப்ஸுக்கும் புட்டுமாவுக்கும் அவர்கள் அமைத்த கொள்முதல் வழியில்தான் நம் முறுக்கும் கடலை மிட்டாயும் பின்னால் ஏறிக்கொண்டன. 2000இல் துபாயில் சரவண பவன் திறந்தபோது தமிழர்கள் பெருமைப்பட்டோம். எனக்கென்னவோ, லேபர் கேம்ப் வாசலில் இருந்த பக்காலாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் கடலை மிட்டாய் ஜாடி வந்த நாள்தான் பெரிய திருப்பமாகத் தெரிகிறது.

ஜாடிக்குள் வருவதற்கு முன்னால் அந்த மிட்டாய் கடக்க வேண்டியவை ஏராளம். அறைத் தோழனின் பெட்டியில் வந்தபோது அதற்குத் தேதியும் இல்லை, பெயரும் இல்லை. சரக்காக வரும்போது உற்பத்தியாளருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், ஏற்றுமதி செய்பவருக்கு இறக்குமதி–ஏற்றுமதி எண், அபெடா பதிவு, இந்தப் பக்கம் இறக்குமதி செய்பவரின் பெயரில் நகராட்சிப் பதிவு, பாக்கெட்டின் மேல் அரபியில் பெயர், சேர்மானம், ஒவ்வாமை எச்சரிக்கை. உற்பத்தித் தேதியும் காலாவதித் தேதியும் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். பின்னால் ஒட்டிய தாளை ஏற்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த சிறு உற்பத்தியாளர் ஒருவரின் முதல் சரக்கு இதில்தான் மாட்டியது. "தேதியத்தான் அழகா ஒட்டியிருக்கோமே அண்ணாச்சி, அதுல என்ன தப்பு?" என்று போனில் கேட்டார். என்னால் விளக்க முடிந்தது. சரக்கைக் காப்பாற்ற முடியவில்லை. அச்சு இயந்திரம் வாங்க அடுத்த தீபாவளிவரை காத்திருந்தார்.

இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் திடீரெனச் செத்தன. தீவனத்திலிருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் துருவியபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை அறிவியல் கண்டுகொண்டது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் அது வளரும். நேரடியாகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். இதற்கான ஆய்வகச் சோதனைக்கு ஆகும் செலவு பத்து டன் சரக்கில் தெரியாது, இருநூறு கிலோவில் வலிக்கும். ஆகவே சிறியவர் தாமே ஏற்றுமதி செய்வதில்லை. பல ஊர்ப் பண்டங்களை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டரிடம் விற்றுவிடுகிறார். அவர் பெயரில்தான் பில், அவருடைய பிராண்டில்தான் பாக்கெட். கோவில்பட்டியில் செய்த மிட்டாயின் மேல் கோவில்பட்டி இல்லாமல் போவது இப்படித்தான்.

பண்டமும் மாறியது. வண்ணத் தேங்காய்ப்பூ முதலில் போயிற்று: தேங்காய் சீக்கிரம் கெடும், சாயத்துக்கு விதிமுறை உண்டு. பெரிய சதுரம் சிறு துண்டாகி, ஒவ்வொன்றும் தனி உறைக்குள் போனது. வளைகுடாக் கோடையில் கடற்கரை ஈரக்காற்றை வெல்லம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பாகையும் சற்று முற்றவிடுகிறார்கள். பல்லுக்குக் கெட்டி. ஊரில் தின்றவர்கள் இதைப் பற்றிப் புலம்புவார்கள், நானும்தான்.

பெயரைக் காப்பாற்ற ஊர் ஒரு முயற்சி செய்தது. உற்பத்தியாளர் சங்கம் 2014இல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரலில் 'கோவில்பட்டி கடலை மிட்டாய்'க்குப் புவிசார் குறியீடு வாங்கியது. நல்ல காரியம். ஆனால் சென்னையில் பதிவான அந்த உரிமை இந்தியச் சட்டத்தின்படி கிடைத்தது. அதை வைத்து தேரா கடைவீதியில் வேறு ஊர் மிட்டாயைத் தடுக்க முடியாது. 2022 மே 1 முதல் இந்திய–அமீரகப் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்குச் சுங்கவரி குறைந்தது அல்லது நீங்கியது. அதற்கு முன்பும் வளைகுடாவின் பொது வரி பெரும்பாலும் 5 சதவீதம்தான். சிறியவரை நிறுத்தி வைத்தது அந்த ஐந்து சதவீதம் என்று நான் நம்பவில்லை. அச்சிட்ட தேதியும் ஆய்வகச் சான்றும் மூன்று மாதம் பணம் வராமல் தாக்குப்பிடிக்கும் சக்தியும்தான் நிறுத்தி வைத்தன. அவற்றை ஒருவர் தனியாக வாங்க முடியாது. ஐம்பது பேர் சேர்ந்தால் முடியும்.

சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1959இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் உருட்டத் தொடங்கிய லிஜ்ஜத், பல்லாயிரம் பெண்கள் உறுப்பினர்களாக உள்ள நிறுவனமாயிற்று. அவர்களும் வெளிநாட்டுக்கு வணிகர்கள் மூலம்தான் அனுப்புகிறார்கள். ஆனால் பாக்கெட்டில் அவர்களுடைய பெயர் இருக்கிறது, லாபத்தில் அப்பளம் உருட்டுகிறவருக்கே பங்கு இருக்கிறது. கோவில்பட்டியில் உறை சுற்றும் பெண்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு வருமா என்று அந்த உற்பத்தியாளரிடம் கேட்டேன். சிரித்தார். "மொதல்ல எம்பேரு வரட்டும் அண்ணாச்சி" என்றார்.

போன மாதம் அவருடைய பாக்கெட் ஒன்று கராமாவில் ஒரு கடையில் கிடைத்தது. இம்முறை தேதி அச்சாகியிருந்தது. பின்பக்கம் அரபி எழுத்து. கடலைக்கு அரபியில் 'ஃபூல் சூடானி', அதாவது சூடான் அவரை. நாம் மணிலாவின் பெயரைச் சொன்னோம், இவர்கள் சூடானின் பெயரைச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே ஊர்ப் பெயர். அரபி எழுத்தில் நம் 'வ' இல்லை, 'பட்டி'யின் அழுத்தமான 'ப'வும் இல்லை, 'ட்'டும் இல்லை. கல்லாவில் இருந்த சூடான்காரப் பையனிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னேன். விரல் வைத்து நிதானமாக வாசித்தான்: "கூஃபில்பாத்தி." பிறகு எங்கே இருக்கிறது அது என்று கேட்டான்.