மரத்தின் வயதும் புயலின் காலமும்

சாமராஜநகர், குண்டலுப்பேட்டை வட்டாரங்களில் கோடை மழைக்கு முன்னே பெரும்பாலும் சூறைக்காற்று வரும். கன்னட உழவர் அதனைப் ‘பிருகாளி’ என்பர். தார் தள்ளிய வாழை அரை மணி நேரத்தில் முறிந்து விழும். ஓராண்டு உழைப்பு போய்க் கடன் மிஞ்சும். ஆயினும் கிழங்கு மண்ணில் உயிருடன் இருப்பதால் பக்கக்கன்று எழும்; மறு ஆண்டில் மீண்டும் தார் வெட்டலாம்.

காவிரியின் கடைமடையில் இக்கணக்கு பொருந்தவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. இத்தோப்புகளுக்கென ஒரு வரலாறு உண்டு. மேட்டூர்த் திட்டத்தை ஒட்டி 1930களில் அமைந்த கல்லணைக் கால்வாய் இப்புன்செய் நிலங்களுக்குப் பாசனம் தந்தது. பின்னாளில் காவிரி நீர் நிச்சயமற்றுப் போனபோது, நெல்லைக் காட்டிலும் தென்னை உறுதியான முதலாகத் தோன்றியது. 1952, 1977 ஆம் ஆண்டுகளின் புயல்கள் நாகப்பட்டினக் கரையைத் தாக்கியிருந்தபோதும், நீரின்மையைப் பற்றிய அச்சமே காற்றைப் பற்றிய நினைவை விட வலிதாக இருந்தது.

அரசு தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. எக்டேருக்கு 175 மரங்கள் எனக் கொண்டு 1,92,500 ரூபாய் கணக்கிடப்பட்டது. இக்கணக்கு விழுந்த மரங்களை எண்ணியது. மறு கன்று காய்க்கும் வரையிலான ஆண்டுகளை எண்ணவில்லை. நெட்டை இரகம் பயன் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோப்புடையார் கடனில் காலந்தள்ளலாம். மரமேறுவோர், மட்டை உரிப்போர், கயிறு திரிப்போர் ஆகியோருக்கு மரமே கூலி. அவர்களது இழப்பு மரக்கணக்கில் இடம்பெறவில்லை.

கடலுக்கு அப்பாலும் இத்தகைய அனுபவம் உண்டு. 1978 நவம்பர் 23 இரவில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி அம்மாவட்டத் தென்னையில் பெரும்பகுதியை அழித்தது. கிழக்கிலங்கை மக்கள் ‘சூறாவளிக்கு முன்’, ‘சூறாவளிக்குப் பின்’ எனக் காலத்தைக் குறித்தது மிகையன்று.

காட்டின் நிலை இன்னும் கடினமானது. கோடியக்கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டிலும் கஜா மரங்களை வீழ்த்தியது. உரிமையாளர் எவரும் இல்லாததால் அங்கே நிவாரணம் கோரி மனுக் கொடுப்பவரும் இல்லை. வெட்டவெளியான இடங்களில் பாலையும் நாவலும் மெல்லவே தழைக்கும். சீமைக் கருவேலமோ விரைந்து பரவும்.

சங்கத் தமிழ் காற்றைத் திசையால் பகுத்தது: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். இன்றைய வானிலை அறிக்கை வேகத்தால் பகுக்கிறது. பேரிடரின் வரலாற்றை எழுதுவோருக்கு மூன்றாவது அளவு ஒன்று வேண்டும்: வீழ்ந்ததன் வயது. வாழைக்கு ஓராண்டு, தென்னைக்கு ஏழாண்டு, காட்டுக்கு ஒரு தலைமுறைக்கும் மேல். நிவாரணக் கணக்கும் அதற்கேற்ப நீளாதவரை, புயல் ஓய்ந்த நாளைக் கோப்பு ஒன்றாகவும் தோப்பு வேறொன்றாகவும் சொல்லிக்கொண்டிருக்கும்.