பலாலியிலிருந்து எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பு அண்மையா, திருச்சிராப்பள்ளி அண்மையா என்று கேட்டால், வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்திராத பலர் கொழும்பு என்றே கூறுவர். பலாலி விமான நிலையத்திலிருந்து இரத்மலானை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சென்னை 355 கிலோமீற்றர். திருச்சியோ 185 கிலோமீற்றர் மட்டுமே.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு ஏறக்குறைய இரு மாதங்கள் இருக்கையில், 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டுப் பலாலியில் தரித்துச் சென்னை சென்றது. அந்த டக்கோட்டா விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. இலங்கையிலிருந்து பாரதம் நோக்கிப் பறக்கும் விமானத்துக்குச் சீதையின் பெயரைச் சூட்டியவர் இராமாயணம் அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். மணிக்குச் சுமார் 300 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் டக்கோட்டாவுக்கு ஒவ்வொரு கட்டமும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். தேசிய விமான சேவையின் முதற் பயணத்திலேயே பலாலி வழியிடையில் இருந்தது என்பதை இன்று நினைவுகூர்வார் குறைவு.

எயர் சிலோன் மறைந்து, 1979இல் எயர் லங்கா எழுந்தபோது நிலைமை மாறியது. பெரிய ஜெட் விமானங்களும் கட்டுநாயக்காவும் முதன்மை பெற்றன. அதன்பின் போர் வந்தது. சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் தரைவழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்கு வந்து, கட்டுநாயக்காவில் விமானமேறி, மறுபடி வடக்கே 645 கிலோமீற்றர் பறக்க நேர்ந்தது. 355 கிலோமீற்றர் ஆயிரத்தைத் தாண்டியது இப்படித்தான்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அதே ஆண்டில் பலாலியையும் மயிலிட்டியையும் வசாவிளானையும் சேர்ந்த மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேறினர். விமான நிலையம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. 1990களின் பிற்பகுதியில் தனியார் விமானங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பறந்தன. பறப்பது ஒரு மணி நேரந்தான். அனுமதி பெறுவதற்கும், சோதனைகளைக் கடப்பதற்கும், காத்திருப்பதற்குமோ கணக்கே இல்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம், மேலெழுந்து ஏறக்குறைய பத்து நிமிடங்களில் இரணைதீவுக்கு அண்மையில் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பயணிகளிற் பெரும்பாலோர் தமிழர். விடுதலைப் புலிகளால் அது சுட்டு வீழ்த்தப்பட்டதாக விசாரணையாளர்கள் கூறினர். விமானத்தின் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டெடுத்தது 2012இலேயே. பதினான்கு ஆண்டுகளாக அந்தக் குடும்பங்கள் எதை நம்பிக் காத்திருந்தன என்பதை எழுத எந்தச் செய்தியாளனுக்கும் சொற்கள் போதா.

2006 ஆகஸ்ட்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டபோது, தீபகற்பத்து மக்களுக்கு எஞ்சியவை கப்பலும் இந்த விமானமுமே.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2025 மார்ச் 30ஆம் திகதி இண்டிகோ நிறுவனம் திருச்சிச் சேவையை ஆரம்பித்தது. சுழல்விசிறி பூட்டிய சிறிய ஏ.டி.ஆர். விமானம், 185 கிலோமீற்றரைக் கடக்க, ஏறி இறங்குவதையும் சேர்த்து, அட்டவணையில் ஒரு மணி நேரமளவே ஒதுக்கப்பட்டது.