பறவைக்குப் பதிவேடு இருக்கிறது, ஊருக்கு?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஜனவரியில் எங்கள் தரம் 10 பிள்ளைகளைக் கற்பிட்டியிலிருந்து மன்னாருக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனோம். தாம்போதி ஓரம் பஸ்ஸை நிறுத்தினால் வங்காலைப் பக்கச் சதுப்பில் பூநாரைகள். தூரத்தில் பார்க்கும்போது யாரோ இளஞ்சிவப்புச் சேலையை உலரப் போட்டது போல இருந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். எங்களோடு வந்த ஒரு மாணவனின் மூத்தாப்பா மட்டும் பேசாமல் நின்றார். அவர் முசலியில் பிறந்தவர். 1990இல் கற்பிட்டிக்கு வந்தவர்.

என் கையில் பறவைப் புத்தகம். சேற்றில் ஓடும் சின்னப் பறவைகளைக் காட்டி, "இது என்ன சேர்?" என்று பிள்ளைகள் கேட்க, நான் பக்கம் புரட்டினேன். மூத்தாப்பா ஒரே சொல்லில் முடித்தார்: "உள்ளான்." புத்தகம் அவற்றை இருபதுக்கு மேற்பட்ட இனமாகப் பிரிக்கிறது. அவருக்கு எல்லாம் உள்ளான்தான். ஆனால் எந்தக் காற்றோடு வரும், தண்ணீர் வற்றினால் எங்கே இறங்கும், எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆலாக்கள் கூட்டமாகக் கடலில் விழுந்தால் அடியில் மீன் இருக்கிறது என்று வள்ளத்தைத் திருப்பிய மனிதர். சின்ன வயதில் உள்ளானுக்கு வலை வைத்ததையும் மறைக்காமல் சொன்னார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்தக் கரையின் பறவைகளை யார் எழுதினார்கள்?

1868 முதல் 1877 வரை இலங்கையில் பணியாற்றிய பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக், 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெரிய நூலாக லண்டனில் வெளியிட்டார். அந்தக் காலத்தில் பறவையை ஆராய்வது என்றால் துவக்கால் சுட்டுத் தோலைப் பதப்படுத்தி வைப்பதுதான். தொலைநோக்கி கையில் வந்த பிறகே சுடாமல் பார்க்கும் பழக்கம் பரவியது. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் உருவானது. கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி, தானே வரைந்த படங்களுடன் 1955இல் வெளியிட்ட வழிகாட்டி நூலை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1987 முதல் ஆசிய நாடுகள் பலவற்றில் ஜனவரியில் நீர்ப்பறவைகளை ஒரே காலத்தில் எண்ணுகிறார்கள்.

மன்னார் ஏன் முக்கியம்? மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இந்தியா வழியாக இறங்கும் பறவைகளில் பல, கடலைத் தாண்டியதும் முதலில் காணும் தரை இது. ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே வரத் தொடங்கி ஏப்ரலோடு திரும்புகின்றன.

இந்தப் பதிவேட்டில் ஓர் ஓட்டை உண்டு. போர்க் காலத்தில் வடக்கின் பல நீர்நிலைகளுக்கு எண்ணுபவர்கள் ஒழுங்காகப் போக முடியவில்லை. அந்த ஆண்டுகளுக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தால் பறவை வரவில்லை என்று எந்த ஆய்வாளரும் எழுத மாட்டார். எண்ண ஆள் போகவில்லை என்றுதான் எழுதுவார்.

அதே கரையில் மனிதருக்கும் ஓர் ஓட்டை விழுந்தது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகவே எங்கள் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அது பறவைகள் வந்து இறங்கும் மாதம். பறவைகள் ஏப்ரலில் திரும்பிப் போயின. இவர்களில் பெரும்பாலானோருக்கு 2009 வரை வழி திறக்கவில்லை.

திரும்பிப் போனபோது வளவிலும் வயலிலும் காடு எழும்பியிருந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி வன ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தது. 2017இல் அதையும் சேர்த்து ஏறத்தாழ 40,000 ஹெக்டெயர் மாவில்லு வன ஒதுக்கமானது. தங்கள் காணி என்று சொன்னவர்களை வில்பத்துவை அழிக்க வந்தவர்கள் என்று இதே முகநூலில் எழுதினார்கள்.

இதில் நேர்மையாகப் பேச வேண்டும். கல்லாறு வனப்பகுதியில் காடு அழிக்கப்பட்டது சட்டவிரோதம் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. காடும் வேண்டும், சதுப்பும் வேண்டும். வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ரம்சார் ஈரநிலமானதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

என் கேள்வி வேறு. மறிச்சுக்கட்டி புதிதாக முளைத்த பெயரா? 1900களின் தொடக்கத்தில் முத்துக் குளிப்புக்காக ஆயிரக்கணக்கானோர் முகாமிட்ட இடம். ஆங்கிலேயரின் ஆவணங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. பறவையின் இடைவெளியை எண்ண ஆள் போகவில்லை என்று படிக்கத் தெரிந்த நாடு, மனிதரின் இடைவெளியை மட்டும் ஏன் அங்கே யாருமே இருக்கவில்லை என்று படித்தது?

ஒரு காரணம் நம்மிடமும் இருக்கிறது. லெக் எழுதினார், ஹென்றி எழுதினார். நாம் எழுதவில்லை. எந்தக் குளத்தில் எப்போது நாரை இறங்கும், எந்த மரத்தில் கூடு கட்டும் என்பது நம் பெரியவர்களின் தலைக்குள்ளேயே இருந்தது. ஒரு மனிதர் ஒரு குளத்தின் பறவைகளை மாதம் மாதமாகச் சொல்ல முடிந்தால், அவர் அங்கே வாழ்ந்தார் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சிதான். உறுதி ஓடிப்போன வழியில் தொலைந்திருக்கலாம். இது தொலையவில்லை. ஆனால் அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறது.

மன்னாரின் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக 2024இல் உயர் நீதிமன்றம் போனவர்கள் பறவைகளின் வழியைக் காரணமாகக் காட்டினார்கள். மீனவர்களும் எதிர்த்தார்கள். பறவைக்காகப் பேசுவதும் கரையில் வாழ்பவனுக்காகப் பேசுவதும் ஒன்றாகச் சேரலாம் என்பதை அங்கே கண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூத்தாப்பாவிடம் கேட்டேன், பூநாரையைப் பார்த்ததும் ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று. "வருசா வருசம் வந்திருக்கும்தானே, தம்பி. நாங்கதான் இருக்கல்ல" என்றார்.

இப்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். கொப்பியில் இரண்டு நிரல். ஒன்றில் பறவையின் பெயர். மற்றதில் அதைச் சொன்ன பெரியவர் பிறந்த ஊர், அதைப் பார்த்த குளம் அல்லது கரை, மாதம். இதுவரை பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

எருக்கலம்பிட்டி, தாராபுரம், சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி உறவுகளே, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். கொமெண்டில் எழுதினாலும் போதும். பிள்ளைகள் கொப்பியில் ஏற்றிக்கொள்வார்கள்.